பார்க்கின்சன் நோயும் தொழில்வழிச் சிகிச்சையும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார்க்கின்சன் நோயாளரைப் பராமரிக்கும் குடும்பங்களுடன் பேசும்போது, கல்லடியில் எழுந்த சந்தேகமே அக்கரைப்பற்றிலும் வாழைச்சேனையிலும் ஏறத்தாழ அதே சொற்களில் திரும்பக் கேட்கப்படுகிறது. அக்கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்துள்ளேன். குளிசையின் வகையையும் அளவையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் வைத்தியரே. அந்தக் குளிசையின் துணையோடு அன்றாட வேலைகளை எவ்வாறு செய்துகொள்வது என்பதே இங்கே பேசப்படுகிறது.

கை நடுங்குது எண்டா அது பார்க்கின்சன்தானா? பாரிசவாதம் மாதிரி ஒரு வருத்தமா இது?

நடுக்கம் பல காரணங்களால் வரலாம். நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் நோய் இருக்கலாம். அசைவுகள் மெதுவாகிச் சிறுத்துப்போதல், தசை இறுக்கம், கை ஓய்வாக இருக்கும்போது தோன்றும் நடுக்கம், பிற்காலத்தில் சமநிலை குறைதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. பாரிசவாதம் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலோ மூளையில் இரத்தம் கசிவதாலோ திடீரென வருவது. பார்க்கின்சன் நோயிலோ, டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் மூளைக் கலங்கள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அழிந்துவருகின்றன. இது தொற்றும் நோயன்று.

கிளினிக்கில குளிசை தாறாங்க. மறுகா இந்தத் தொழில்வழிச் சிகிச்சை என்னத்துக்கு? அப்பா பென்சன் எடுத்து எவ்வளவோ காலம்.

இச்சிகிச்சை சம்பளம் தரும் வேலையோடு நின்றுவிடுவதில்லை. எழும்புதல், குளித்தல், உடுத்தல், உண்ணல், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்வருதல், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லுதல் என ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமே இதன் எல்லைக்குள் அடங்கும்.

நாம் நடப்பதையும் பொத்தான் பூட்டுவதையும் யோசித்துச் செய்வதில்லை. மூளையின் உட்பகுதி ஒன்று அவற்றைத் தானாகவே ஓட்டிவிடுகிறது. பார்க்கின்சன் நோயில் பழுதுபடுவது இந்தத் தானியங்கித் தன்மைதான். குளிசை அதனை ஓரளவு மீட்டுத் தருகிறது. மீளாத பகுதியைக் கவனத்தாலும், வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பதாலும், வீட்டை மாற்றியமைப்பதாலும் ஈடுசெய்யலாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் கற்றுத்தருவது இந்த ஈடுசெய்யும் முறைகளையே. பின்வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரே கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

பிசியோவுக்குப் போறம்தானே, ரெண்டும் ஒண்டுதானே?

இரண்டும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவரும். இயன்மருத்துவர் தசை வலு, நடை, சமநிலை ஆகியவற்றைப் பயிற்றுவிக்கிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் அந்த உடலைக் கொண்டு உங்கள் வீட்டுக் குளியலறையில் எப்படிக் குளிப்பது என்று பார்க்கிறார். இரண்டும் தேவை.

எங்க போய்க் கேக்கிறது? காசு கட்டணுமா?

நீங்கள் மாதாந்தம் செல்லும் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டு, தொழில்வழிச் சிகிச்சைக்கான பரிந்துரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அச்சேவை எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே அறியலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கைப்பிடி, சக்கர நாற்காலி, கொமோட் கதிரை போன்றவற்றுக்கு உதவி தேவைப்படுவோர் தமது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். கிளினிக் கொப்பியோடு, குளிசை போடும் நேரங்களையும் அதிகம் சிரமப்படும் மூன்று வேலைகளையும் எழுதிக்கொண்டு போங்கள். கட்டில், வாசற்படி, மலசலகூடம், குளிக்கும் இடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செல்லுங்கள். சிகிச்சையாளரால் வீட்டுக்கு வர முடியாதபோது அந்தப் படங்கள் அவருக்கு நிறையவே சொல்லிவிடும்.

காலையில நல்லா நடக்கிறாரு, பத்து மணிக்கு மரம் மாதிரி நிக்கிறாரு. வேணுமெண்டு செய்யிறாரா?

இல்லை. இந்தச் சந்தேகம் குடும்பங்களுக்குள் தேவையற்ற மனக்கசப்பை வளர்க்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இந்நோய்க்குத் தரப்படும் முக்கிய மருந்தான லெவோடோபா குளிசையின் பயன் சில மணித்தியாலங்களே நிற்கும். நோய் முற்ற முற்ற, அடுத்த வேளைக்கு முன்பே அது இறங்கிவிடுகிறது. பத்து மணிக்குக் கதிரையிலிருந்து எழும்ப இயலாதவர் பதினொன்றரைக்கு வளவைச் சுற்றி நடக்கலாம். ஒரு வாரத்துக்கு, குளிசை போட்ட நேரம், நன்றாக இயங்கிய நேரம், இறுகிப்போன நேரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். குளித்தல், வெளியே செல்லுதல் போன்ற கடினமான வேலைகளை உடல் நன்றாக இயங்கும் அந்த நல்ல நேரத்துக்கு மாற்றலாம். அதே குறிப்பு வைத்தியருக்கும் பயன்படும்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. புரதம் லெவோடோபா குடலில் உறிஞ்சப்படுவதோடு போட்டியிடுவதால், குளிசையை உணவுக்கு அரை மணித்தியாலம் முன்போ, உண்டு ஒரு மணித்தியாலம் கழித்தோ போடும்படி பொதுவாகச் சொல்லப்படுகிறது. குளிசை போட்ட கையோடு தயிரும் மீன்கறியும் உண்டால் சிலருக்குக் குளிசை வேலை செய்யாதது போலத் தோன்றும். அதற்காகத் தயிரையும் மீனையும் விலக்கிவிடாதீர்கள். மெலிந்துபோகும் நோயாளருக்குப் புரதம் வேண்டும். மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். குளிசையால் குமட்டல் வருபவர்கள் நேரத்தை மாற்றுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

வாசல்ல வந்து கால் ஒட்டின மாதிரி நிண்டுடுறாரு. கிறுகக்குள்ளயும் அப்படித்தான். இழுத்தா விழப்பாக்கிறாரு.

இது உறைதல் எனப்படும். ஒடுங்கிய வாசல், திரும்பும் இடம், சனநெரிசல், அவசரம், நடந்துகொண்டே பேசுதல் ஆகியவை இதனைத் தூண்டும். மேலுடல் முன்னே வர, பாதம் நிலத்திலேயே நிற்பதால் இழுத்தால் விழுந்துவிடுவார். எனவே இழுக்கவும் தள்ளவும் வேண்டாம். “கெதியா வாங்க” என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். அவரை முதலில் முழுமையாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு எடுக்கட்டும். பிறகு உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி அசைத்துவிட்டு, “ஒன்று, இரண்டு” என்று எண்ணி, பெரிய எட்டு ஒன்றை எடுத்து வைக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியும் கோடு ஒன்று இருந்தால் பலருக்குக் கால் எழும்புகிறது. உறையும் இடத்தில், ஓர் எட்டுத் தூர இடைவெளியில், தரையின் நிறத்துக்கு மாறான நிறமுடைய ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்டலாம். உங்கள் பாதத்தை அவர் முன்னே குறுக்காக வைத்து, அதைத் தாண்டச் சொல்வதும் உதவும். சமநிலை மிகக் குன்றியவரிடம் இதைச் செய்யாதீர்கள். தாளம் தட்டுதல், மனத்துக்குள் பாடுதல் ஆகியவையும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. எது யாருக்குப் பலிக்கும் என்பதைச் செய்துபார்த்தே அறியலாம். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், அரைவட்டமாகச் சுற்றி நடந்து திரும்பப் பழக்குங்கள்.

கால்மிதியையும் மின்கம்பியையும் நடைபாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்வாரில்லாத றப்பர்ச் செருப்பு காலிலிருந்து கழன்று தடுக்கும். பின்வார் உள்ளதையே வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் நான்குகால் நடைச்சட்டத்தைச் சிகிச்சையாளரைக் கேளாமல் வாங்க வேண்டாம். ஒவ்வோர் எட்டுக்கும் தூக்கிவைக்க வேண்டிய சட்டம் நடையைத் துண்டாக்கி, சிலருக்கு உறைதலை இன்னும் கூட்டிவிடுகிறது.

இவ்வளவு காலமும் கிணத்தடியிலதான் குளிச்சாரு. இனி அங்க விடலாமா?

கிணற்றடியில் குளிக்கலாம், நீர் அள்ளக் கூடாது. வாளியை இழுக்கும்போது உடல் பின்னோக்கிச் சாய்கிறது, இரு கைகளும் கயிற்றில் இருப்பதால் பிடிமானம் இல்லை, கீழே ஈரச் சீமெந்தில் பாசி. பார்க்கின்சன் நோயாளர் பின்பக்கமாக விழும் இயல்புடையவர் என்பதால் இதைவிட ஆபத்தான நிலையைக் கற்பனை செய்வது கடினம். வேறொருவர் தொட்டியையோ பெரிய வாளியையோ நிரப்பிவைக்கட்டும். அவர் கிணற்றுக் கட்டிலிருந்து விலகி, பாரமான மரக் கதிரையிலோ வாங்கிலோ அமர்ந்து, பிடியுள்ள கோப்பையால் வார்த்துக் குளிக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் ஈரத்தில் விரிந்து வழுக்கும். சவர்க்காரம் கைநழுவி விழுந்தால் அதைக் குனிந்து எடுக்கப்போய் விழுபவர்கள் உண்டு. கண்ணிவலைப் பை ஒன்றில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குந்தியிருக்கும் மலசலகூடத்தின் மேல் நடுவில் துவாரமுள்ள கொமோட் கதிரையை வைத்துப் பயன்படுத்தலாம். சுவரில் பொருத்தும் கைப்பிடி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு உள்ளே அரித்துப்போய், ஒருநாள் பாரம் தாங்காமல் கையோடு வந்துவிடும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்குப் போவதற்கு வழியிராது.

ராவையில கட்டில்ல பிரண்டு படுக்க ஏலாது. நுளம்பு வலைக்குள்ளால வெளிய வரவும் ஏலாது.

புரள்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முழங்கால்களை மடித்துப் பாதங்களைப் படுக்கையில் ஊன்றி, திரும்ப வேண்டிய பக்கத்துக்குத் தலையைத் திருப்பி, எதிர்ப்பக்கக் கையை அப்பக்கமாக நீட்டி, முழங்கால்களையும் அதே பக்கம் சாய்க்க வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றினால் எழுந்து அமரலாம். இடுப்பு படும் இடத்தில் மட்டும் பழைய நைலெக்ஸ் சேலைத் துண்டு போன்ற வழுக்கும் துணியை விரித்து ஓரங்களை மெத்தையின் கீழ் செருகுங்கள். கட்டிலின் ஓரத்திலும் பாதம் ஊன்றும் இடத்திலும் வழுக்கும் துணி கூடாது. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு, அமரும்போது பாதம் தரையில் பதியும் உயரமுள்ள கட்டில் ஒன்று அவசியமாகிவிடுகிறது.

நான்கு பக்கமும் மெத்தையின் கீழ் செருகிய வலையை இருட்டில் விலக்குவது இரு கைகளாலும் செய்யும் நுட்பமான வேலை. அவர் இறங்கும் பக்கத்தில் திறப்புள்ள பெட்டி வலையைத் தைப்பிக்கலாம். இயன்றால் யன்னல்களுக்கே கம்பிவலை அடித்துவிடலாம். மங்கலான இரவு விளக்கும், ஆண்களுக்குக் கட்டிலருகே சிறுநீர்ப் போத்தலும் இருக்கட்டும். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம் என்பதால், சற்று நேரம் அமர்ந்திருந்த பின்னரே எழும்ப வேண்டும்.

சோத்தைக் கையால சாப்பிட விடுறதா, கரண்டி குடுக்கிறதா?

கையால் உண்ண முடிந்தவரை உண்ணட்டும். ஓய்வு நடுக்கம் கை இயங்கத் தொடங்கியதும் பலருக்குக் குறைகிறது. அதோடு, வாழ்நாள் முழுவதும் கையால் உண்டவருக்குக் கரண்டிதான் புதுப் பாடம். முழங்கையை மேசையில் ஊன்றி, விளிம்பு உயர்ந்த தட்டை ஈரத்துணியின் மேல் வைத்தால் தட்டு நகராது. கரண்டி தேவைப்பட்டால் அதன் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளலாம். தேநீரைப் பாதிக்கோப்பை மட்டும் ஊற்றுங்கள்.

சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, உண்டபின் குரல் கரகரத்தாலோ தட்டையும் கரண்டியையும் மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். விழுங்கலைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பரிசோதிக்க வேண்டும்.

சேட் பட்டன் போட அரை மணித்தியாலம் எடுக்கிறாரு. நாங்களே உடுத்தி விட்டா என்ன?

கிளினிக்குக்குப் போகும் அவசரத்தில் உடுத்திவிடுங்கள், அதில் குற்றமில்லை. நாள்தோறும் அப்படியே செய்தால், இன்னும் இயலக்கூடிய ஒன்றை அவர் இழந்துவிடுவார். அமர்ந்து உடுத்தல், இறுக்கம் கூடிய கையை முதலில் நுழைத்தல், மேல் பொத்தான் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றைப் பூட்டியபடியே விட்டுத் தலைவழியே அணிதல், பொத்தானுக்குப் பின்னால் வெல்க்ரோ தைத்தல் என வழிகள் உண்டு. சாரத்தின் முடிச்சு தளர்ந்து கரை காலில் சிக்குவது விழுவதற்கு ஒரு காரணம். இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்து, கரையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்துங்கள். இவற்றுக்குப் பிறகும் அரை மணித்தியாலம் எடுத்தால், அது குளிசை இறங்கிய நேரமா என்று பாருங்கள்.

மருதமுனையில தறி நெய்யிற ஆள் நான். வேலையை விடணுமா?

உடனே விட வேண்டியதில்லை. மிதியும் நாடாவும் மாறிமாறி வரும் தறியின் தாளம், உறைதல் பற்றிய பதிலில் சொன்ன எண்ணிக்கையைப் போலச் சிலருக்குத் துணையாகக்கூட அமையலாம். சிரமம் நூல் கோத்தல், அறுந்த இழையை முடிதல் போன்ற நுண்வேலைகளில்தான் முதலில் தெரியும். அவற்றை நல்ல நேரத்துக்கு ஒதுக்குங்கள் அல்லது வேறொருவரிடம் விடுங்கள். வேலைசெய்துகொண்டே பேசாதீர்கள், பார்க்கின்சன் நோயில் ஒரே நேரத்தில் இரண்டைச் செய்யும் திறன் விரைவில் குன்றுகிறது. நாளொன்றுக்கு இத்தனை முழம் என்று ஒப்புக்கொள்வதை மட்டும் மாற்றுங்கள். அவசரம் நடுக்கத்தைக் கூட்டும்.

நடக்க ஏலாதவரு சைக்கிள் நல்லா ஓடுறாரு. விடலாமா?

இது உண்மையாகவே நிகழ்வதுதான். கடுமையாக உறைந்துநின்ற நோயாளர் ஒருவர் தடையின்றிச் சைக்கிள் ஓட்டியதை நெதர்லாந்து வைத்தியர்கள் 2010ஆம் ஆண்டில் பதிவுசெய்துள்ளனர். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும், சந்தியில் திடீரென நிற்கும்போதும் அந்தத் திறமை உதவாது. பேருந்துகள் விரையும் பிரதான வீதியில் விட வேண்டாம் என்பதே என் கருத்து. நிலையாகப் பொருத்திய உடற்பயிற்சிச் சைக்கிள் என்றால் தாராளமாக ஓட்டலாம்.

பேங்கில கையெழுத்து மாறிப்போச்செண்டு திருப்பி அனுப்பிட்டாங்க.

எழுத்து போகப்போகச் சிறுத்து நெருங்குவது இந்நோயின் அறிகுறி. கோடிட்ட தாளில், ஒவ்வோர் எழுத்தும் இரு கோடுகளையும் தொட வேண்டும் என்ற கவனத்தோடு, பெரிதாக, இடையிடையே நிறுத்தி எழுதப் பழகலாம். வங்கிக்குக் குளிசை நன்றாக வேலைசெய்யும் நேரத்தில் சென்று, அமர்ந்து, மேசையில் கையூன்றிக் கையொப்பமிடுங்கள். முற்றிலும் இயலாமற்போகும் வரை காத்திராமல், இப்போதே வைத்தியரின் கடிதத்தோடு முகாமையாளரைச் சந்தித்து, புதிய மாதிரிக் கையொப்பம், பெருவிரல் அடையாளம், கூட்டுக் கணக்கு ஆகியவற்றில் எது பொருந்தும் என்று கேளுங்கள்.

ராவையில ஆரோ வந்து மூலையில நிக்கிறாங்க எண்டு சொல்றா. பேய்க்குப் பார்க்கணுமா?

வைத்தியரிடம் பார்க்க வேண்டும். இல்லாததைக் காண்பது இந்நோயிலும் அதற்கான மருந்துகளாலும் வரக்கூடியது; திடீரெனத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்றோ உடலில் நீர் வற்றியதோகூடக் காரணமாகலாம். வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு: கொக்கியில் தொங்கும் உடுப்பு மங்கிய வெளிச்சத்தில் ஆளாகத் தெரியும், அதை அகற்றி, நிழல் விழாதபடி விளக்கை மாற்றுங்கள். அவரோடு வாதாடாமல், “என் கண்ணுக்குத் தெரியவில்லை, நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்வது போதும். பயத்தில் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சடுதியாக நிறுத்துவது உயிராபத்தான இறுக்கத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கக்கூடும்.

வாப்பா நோன்பு பிடிக்கணும் எண்டு நிக்கிறாரு. குளிசையை சஹருக்கும் இஃப்தாருக்கும் குடுத்தாப் போதுமா?

நாளுக்கு மூன்று, நான்கு வேளை போடும் குளிசையை, விடியுமுன் ஒன்று, நோன்பு திறக்கும்போது ஒன்று என இரண்டு வேளைக்குள் அடக்க நீங்களாக முயலக் கூடாது. குளிசையின் பயன் சில மணித்தியாலங்களே நிற்கும் என்பதையும், சடுதியாக நிறுத்துவதன் ஆபத்தையும் மேலே சொல்லியிருக்கிறேன். நோய் தொடக்கநிலையில் உள்ள சிலருக்கு வைத்தியர் வேறு ஒழுங்கு செய்யக்கூடும் என்பதால், ரமழானுக்கு முன்னமே கேட்டுவிடுங்கள். நோயாளருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நீங்காத நோயுள்ளவர் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் வழியை மௌலவி விளக்குவார். பிள்ளைகள் சொல்வதைவிட அவர் சொன்னால் வாப்பாவின் மனம் ஆறும். கதிரையில் அமர்ந்து தொழுவதற்கும் இடமுண்டு. நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்போது வரும் தலைசுற்றலை அது தவிர்க்கும்.

நாட்டு வைத்தியர் பூனைக்காலி வித்துத் தூள் தந்தாரு. அதையும் சேத்துக் குடுக்கலாமா?

பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது. ஆகவே அது சும்மா ஒரு தூள் அன்று. குளிசையோடு சேரும்போது அளவு கூடி, கட்டற்ற அசைவுகளும் குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். கொடுப்பதாயின் கிளினிக் வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

இதால உண்மையா பலன் இருக்கா? ஆராய்ச்சி ஏதும் செய்திருக்காங்களா?

இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அவை ஒரே பதிலைத் தரவில்லை. நெதர்லாந்தில் 191 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், பத்து வாரங்கள் வீட்டுக்கே சென்று, நோயாளர் தாமே முக்கியம் என்று தெரிவுசெய்த வேலைகளில் சிகிச்சை அளித்தபோது, அவ்வேலைகளைத் தாம் முன்னைவிட நன்றாகச் செய்வதாக அவர்கள் உணர்ந்தனர். பிரித்தானியாவில் 762 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்விலோ, தொழில்வழிச் சிகிச்சையும் இயன்மருத்துவமும் சேர்ந்து அளித்தும் குறிப்பிடத்தக்க நன்மை தென்படவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலோர் பெற்றது நான்கைந்து அமர்வுகள் மட்டுமே. பங்கேற்றவர்களும் நோய் மிதமான நிலையில் இருந்தவர்கள்.

இச்சிகிச்சை நோயின் வளர்ச்சியை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுவான அறிவுரையை ஓரிரு முறை கேட்டுவருவதாலும் பெரிய மாற்றம் வராது. குறிப்பிட்ட ஒரு வேலையைத் தெரிவுசெய்து, அது நடக்கும் இடத்திலேயே, குடும்பத்தாரும் சேர்ந்து பழகும்போதுதான் பயன் தெரிகிறது என்று நான் கருதுகிறேன்.

ஒண்டுக்கும் மனமில்லாம சும்மா இருக்கிறாரு. பாக்கிற எனக்கும் ஏலாமப் போகுது.

முகத்தில் உணர்ச்சி தெரியாமற்போவதும் ஊக்கம் குன்றுவதும் இந்நோயின் பகுதிகள். அவற்றைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்துவரும். அதற்கு மருந்து உண்டு என்பதால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். “ஏதாவது செய்யுங்கள்” என்பது ஊக்கம் குன்றியவருக்குப் பயன்படாது. “நாலு மணிக்குப் பூக்கன்றுகளுக்கு நீர் வார்ப்போம்” என்று நேரமும் வேலையும் குறித்துச் சொல்லி, நீங்களும் உடன் தொடங்குங்கள்.

உங்களைப் பற்றி: அவரைத் தூக்கி எழுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருமளவு முன்சாய்ந்து, கைகளை ஊன்றி அவரே எழும்பும் முறையைச் சிகிச்சையாளரிடம் இருவரும் சேர்ந்து பழகுங்கள். உங்கள் முதுகு தப்பும். வாரத்தில் ஒரு பின்னேரமாவது சகோதரரோ வளர்ந்த பிள்ளையோ பொறுப்பெடுக்கும்படி, நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள்.